கிருஷ்ணா மீனுக்குக் காவிரியில் என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

தூண்டில் விளையாட்டுக்கு ஆறுகளைத் திறந்துவிட்டால் சுற்றுலாவும் வளரும், ஆற்றுக்கும் காவல் கிடைக்கும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. கூடவே இன்னொரு யோசனையும் ஒட்டிக்கொண்டு வருகிறது: ஆற்றில் மீன் குறைந்துவிட்டதா, பண்ணையில் பொரித்த குஞ்சுகளை வண்டியில் கொண்டுவந்து கொட்டினால் போயிற்று! இந்தக் கடிதம் அந்த இரண்டாவது யோசனைக்கு எதிரானது. காவிரியில் அதை ஏற்கெனவே செய்து பார்த்தாகிவிட்டது. அடிபட்டது காவிரிக்கு மட்டுமே சொந்தமான ஒரு மீன்.

அதன் பெயர் கூன்முதுகு மஹ்சீர். கெண்டைக் குடும்பம்தான். ஆனால் சந்தையில் பார்க்கிற கெண்டையை மனத்தில் வைத்துக்கொண்டு இதன் உருவத்தை எட்ட முடியாது. தலைக்குப் பின்னால் முதுகு மேடிட்டிருக்கும். துடுப்புகளில் செம்மஞ்சள் ஏறியிருக்கும். பாறையும் மடுவுமாக ஓடும் தண்ணீர்தான் அதற்கு வீடு. 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினி ஆற்றில் தூண்டில் போட்டுப் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. (வேட்டையில் விழுந்த புலிகளைப் பாடம் செய்வதில் உலகப் புகழ் பெற்றது இதே வான் இங்கன் குடும்பம்.) 1977-78இல் மூன்று ஆங்கிலேயர்கள் மஹ்சீரைத் தேடி இந்திய ஆறுகளில் அலைந்து, கடைசியில் காவிரியில் 92 பவுண்டு மீனைப் பிடித்தார்கள். செய்தி பரவியது. கர்நாடகப் பகுதிக் காவிரிக்கரையில் பீமேஸ்வரி, காலிபோர் என்று முகாம்கள் எழுந்தன. வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள் கேழ்வரகு உருண்டையைத் தூண்டிலில் கோத்துக்கொண்டு பாறைமேல் காத்திருந்தார்கள். பிடித்த மீனை எடை பார்த்து, படம் எடுத்து, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது முகாம் விதி.

இதே காலத்தில் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணையில் வேறொரு மஹ்சீரைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அது நீலத்துடுப்பு மஹ்சீர், கிருஷ்ணா படுகையின் மீன். 1839இல் சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி அதை முதன்முதலாக அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியது புனேவுக்குப் பக்கத்தில் ஓடும் மூளா-முட்டா ஆற்றிலிருந்து. அணைகளால் வழி அடைபட்டு அழிந்துகொண்டிருந்த மீனை மீட்க வேண்டும் என்ற அந்த முயற்சியில் குறை காண எதுவுமில்லை. தவறு அடுத்த அடியில்தான் நேர்ந்தது. பண்ணையில் பெருகிய விரலிகள், அதாவது விரலளவு வளர்ந்த குஞ்சுகள், பல மாநிலங்களுக்குப் போயின, காவிரிக்கும் வந்தன. மஹ்சீர் எல்லாம் மஹ்சீர்தானே என்பது அன்றைய எண்ணம். தூண்டில்காரர்களுக்கு மீன் வேண்டும், மீன்வளத் துறைக்குப் பாதுகாப்புப் பணி செய்த பெயர் வேண்டும். ஆற்றில் ஏற்கெனவே இருப்பவர் யார் என்று கேட்க ஆளில்லை.

காலிபோர் முகாமின் பதிவேடு இல்லாவிட்டால் நடந்தது வெளியே தெரிந்தே இருக்காது. 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரம் தூண்டில் போட்டு 6,161 மஹ்சீர்களைப் பிடித்து விட்டிருக்கிறார்கள். அதில் மிகப் பெரியது 46.8 கிலோ. ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை எடுத்துவைத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கொண்டாட வேண்டிய கணக்கு. வருடம் போகப் போகப் பிடிபடும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் எடை இறங்கியிருக்கிறது. இனம் பிரித்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. கூடியதெல்லாம் நீலத்துடுப்பு. செம்மஞ்சள் துடுப்புக்காரரோ ஆண்டுக்காண்டு அரிதாகி, கடைசியில் எப்போதாவது தலைகாட்டும் பெரிய மீன்கள் மட்டுமே எஞ்சின. குஞ்சுகள் வளர்ந்து அவற்றின் இடத்துக்கு வரவில்லை. மீன் பெருகிவிட்டது என்று முகாமில் மகிழ்ந்துகொண்டிருந்த அதே வருடங்களில்தான் காவிரியின் மீன் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு வேடிக்கை. இத்தனை புகழ் பெற்ற இந்த மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயரே கிடையாது. 2007இல் கேரளத்தின் சின்னார் சரணாலயத்தில், பாம்பாற்றில் கிடைத்த ஒரு மஹ்சீருக்கு, மீனியல் அறிஞர் ரெமாதேவியைச் சிறப்பிக்கும் விதமாக 'டோர் ரெமாதேவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாம்பாறு கீழே இறங்கி அமராவதி அணை வழியே காவிரியில் சேர்வது உடுமலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாம்பாற்று மீனும் காவிரியின் கூன்முதுகு மஹ்சீரும் ஒன்றே என்று 2018இல் நிறுவினார்கள். பெயர் கிடைத்த அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் இடம் கிடைத்தது: மிக அபாய நிலையில் உள்ள இனம். நீலத்துடுப்போ அதே பட்டியலில் ஆபத்து நிலையிலிருந்து இறங்கி, கவலைப்பட வேண்டாதவற்றின் வரிசைக்குப் போய்விட்டது.

பழி முழுவதையும் வந்தேறி மீனின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அணைகள், மணல் அள்ளல், கோடையில் வற்றிப்போகும் மடுக்கள், தோட்டா வீசி மீன் பிடிக்கும் கொடுமை எல்லாம் சேர்ந்தே இதைச் செய்தன. ஆனால் அணையைக் கட்டியவர்கள் மீனுக்காகக் கட்டுவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. குஞ்சு விட்டவர்கள் மீனைக் காப்பாற்றுவதாகச் சொல்லியே விட்டார்கள்.

இது பழைய கதை, இப்போது சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் அயல் ஆக்கிரமிப்பு இனங்களைப் பற்றிப் பேசுகிறது, உண்மைதான். அதில் அயல் இனம் என்றால் இந்தியாவுக்குச் சொந்தமில்லாத இனம். வரையறை அப்படித்தான் தொடங்குகிறது. புனேயின் மீன் காவிரிக்கு வந்தால் இந்தச் சட்டத்தின் கண்ணில் அது அயல் இனமே இல்லை. அந்தமான் தீவுகளில் ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்ப்பதும் இதே ஓட்டை வழியே தப்பிவிடுகிறது. மேட்டூர் அணையில் விட்ட கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய வடக்கத்தி மீன்களை 'இந்தியப் பெருங்கெண்டை' என்று எழுதும்போது யாருக்கும் உறுத்தாததற்கும் காரணம் அந்த 'இந்திய' என்ற சொல்தான். மீனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அதற்கு நாடு என்பது அது நீந்தும் ஆற்றுப் படுகை. கிருஷ்ணாவுக்கும் காவிரிக்கும் நடுவில் இருக்கிற மேட்டு நிலத்தை எந்த மீனாலும் நீந்திக் கடக்க முடியாது.

கடல் கடந்து வந்த மீன் என்றால் மட்டும் நாம் விழிப்பாக இருக்கிறோமா? நீலகிரியின் அவலாஞ்சியில் 1907இல் வில்சன் என்பவர் டிரௌட் பொரிப்பகம் அமைத்தார். குளிர் ஓடைகளில் தூண்டில் போட வெள்ளைக்காரர்களுக்கு ஊர் நினைவு தரும் மீன் தேவைப்பட்டது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்கள் என்று தொகுத்த பட்டியலில் வானவில் டிரௌட்டும் பழுப்பு டிரௌட்டும் இருக்கின்றன. நம் ஊரில் அதற்குப் பாரம்பரியம் என்று பட்டம். மேல்மலை ஓடைகளில் பெரிய மீன் இல்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது பழைய சமாதானம். தவளைக்கும் தும்பியின் இளம்புழுவுக்கும் அந்த ஓடை காலி வீடு அல்ல. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில், தூண்டில்காரர்களுக்காக விமானத்திலிருந்துகூட டிரௌட் குஞ்சுகளைக் கொட்டினார்கள். அங்கிருந்த மஞ்சள்கால் தவளைகள் ஏரி ஏரியாக மறைந்தன. வலை போட்டு டிரௌட்டை வாரி எடுத்த ஏரிகளில் தவளைகள் திரும்பி வந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தனியார் குளத்தில் காசு கட்டித் தூண்டில் போடுவது அவரவர் விருப்பம் என்று விட்டுவிடவும் வழியில்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அமேசானின் அரபைமாவும், முதலைமூஞ்சி கொண்ட அமெரிக்க மீனும் வலையில் விழுந்தன. பண்ணையிலும் குளத்திலும் இருந்தவை கரை உடைந்ததும் ஆற்றுக்கு வந்துவிட்டன.

சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. காவிரி, பவானி, மோயாறு, அமராவதி ஆகியவற்றில் இதுவரை எந்த இனக் குஞ்சுகள், எந்தப் பண்ணையிலிருந்து, எத்தனை விடப்பட்டன என்ற கணக்கை தமிழக, கர்நாடக மீன்வளத் துறைகள் இரண்டும் பொதுவில் வைக்க வேண்டும். 2022 திருத்தத்தின் வரையறையில் 'இந்தியா' என்பதோடு 'ஆற்றுப் படுகை'யும் சேர வேண்டும். தூண்டில் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டு வருகிற எந்தத் திட்டத்திலும் வெளிப் படுகையின் விரலிகளை விடுவது என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட வேண்டும். தூண்டில்காரர்களை விரட்ட வேண்டியதில்லை. அவர்கள் எழுதிவைத்த பதிவேடுதான் உண்மையைக் காட்டியது. பிடித்த மீனின் துடுப்பு என்ன நிறம் என்று இனியும் அவர்கள் எழுதட்டும்.

மோயாற்றில் கூன்முதுகு மஹ்சீர் இன்னும் இருக்கிறது. பைக்காராவிலிருந்து இறங்கி, முதுமலையை ஒட்டி, பள்ளத்தாக்கு வழியே பவானிசாகருக்கு வரும் அந்தத் தண்ணீருக்குள் நீலத்துடுப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதை அடுத்த மழைக்கு முன் வனத்துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து பார்க்குமா? தங்கள் இதழ் இந்தக் கேள்வியை அவர்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பவானிக்கரை வாசகர் ஒருவர்