அம்மை குத்திய கைகள்

வெள்ளைக்காரன் நம்மைச் சுரண்டினான், வாஸ்தவம். ஆனால் ரயிலும் மருந்தும் தந்தானே என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரயில் கிடக்கட்டும். மருந்து விஷயத்தில் இவர்களோடு எனக்கு வழக்கு உண்டு.

அம்மை குத்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1796-ல் எட்வர்ட் ஜென்னர் ஒரு சிறுவனுக்கு மாட்டம்மைச் சீழைக் கீறி ஏற்றினார்; சரித்திரம் அங்கே ஆரம்பமாவதாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த ஜென்னருக்கே சிறு வயதில் அம்மைச் சீழைக் கீறி ஏற்றியிருந்தார்கள். அந்த வித்தை இங்கிலாந்துக்கு எப்படி வந்தது?

துருக்கியிலிருந்து வந்தது. ஆங்கிலேய ஸ்தானிகரின் மனைவி மேரி மாண்டேகு, 1718-ல் கான்ஸ்டான்டிநோபிளில் தன் மகனுக்கு அதைச் செய்வித்தாள். செய்தவள் ஒரு கிரேக்கக் கிழவி. அவள் பெயரைக் கேட்காதீர்கள்.

அன்று ஆங்கிலேயர் வசம் இருந்த பாஸ்டன் நகரத்துக்கு இதே வித்தை ஆப்பிரிக்காவிலிருந்து போயிற்று. காட்டன் மேதர் என்ற பாதிரியாரிடம் ஓர் அடிமை இருந்தான். தன் நாட்டில் தனக்கு அம்மை குத்திய கதையை அவன்தான் எஜமானனுக்குச் சொன்னான். 1721-ல் கொள்ளைநோய் வந்தது. பாய்ல்ஸ்டன் என்ற வைத்தியர் துணிந்து சுமார் 240 பேருக்குக் குத்தினார். ஆறு பேர் இறந்தார்கள். தானாக அம்மை கண்டவர்களிலோ ஏழில் ஒருவர் போனார். இதற்குப் பரிசாகப் பாதிரியார் வீட்டு ஜன்னல் வழியே வெடிகுண்டு வந்து விழுந்தது!

வங்காளத்தில் வீடு வீடாகப் போய் அம்மை குத்தி வந்தவர்களைப் பற்றி, 1767-ல் ஹால்வெல் துரை லண்டன் வைத்தியர்களுக்கு மெச்சி எழுதினார். 1865-ல் கல்கத்தாவில் அதே தொழில் சட்டப்படி குற்றமாயிற்று.

ஜென்னர் முறையே மேல், அதில் சந்தேகமில்லை. பழைய முறையில் குத்திக்கொண்டவர் பக்கத்து வீட்டாருக்குப் பெரியம்மையையே ஒட்டவைக்கக் கூடும். ஆகவே சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. எல்லாம் எங்கள் ஓலைச் சுவடியிலே இருக்கிறது என்று மார்தட்டுகிறவர்களோடும் எனக்கு ஒட்டில்லை. கடன் வாங்கியவன் தானம் கொடுத்தவனாக வேஷம் போடுகிறானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. அந்தப் புகழில் ஜென்னருக்குப் பெரும் பங்கு உண்டு, கொடுங்கள். அந்த அடிமைக்கும் ஒரு பங்கு வையுங்கள். ஒனேசிமஸ் என்று அவனைக் குறிப்பிடுகிறார்கள். அது எஜமானன் வைத்த பெயர். தாய் இட்ட பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.