பாட்டிக்கு எந்த ரோல்?

ஆய்வேடுகளைச் சேமிக்கும் ஷோத்கங்கா ஓடுவது டிஸ்பேஸ் மென்பொருளில். அதில் நிர்வாகி உண்டு, ஏற்றுபவர் உண்டு, சரிபார்ப்பவர் உண்டு, லாகின் செய்யாத வாசகரும் உண்டு. கச்சிராயபாளையத்துக்கு மேலே, கல்வராயன் மலையில் ஒரு மலையாளிப் பழங்குடிப் பாட்டி பாடியதை யாரோ பதிவுசெய்து இப்படியொரு மென்பொருளில் ஏற்றினால், பாட்டிக்கு என்ன ரோல்? ஒன்றுமே கிடையாது.

‘எல்லாருக்கும் திறந்துவிடு’ என்பார்கள் நம் ஆட்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனா, யார் வீட்டுக் கதவை யார் திறக்கிறது?

ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்ட்டு மென்பொருளில், எதை யார் பார்க்கலாம் என்பதைச் சமூகமே வகுக்கிறது. டிஸ்பேஸிலும் ஊர்க்காரர்களை ஒரு குழுவாகச் சேர்த்து உரிமையைக் கொடுத்துவிடலாம், கொஞ்ச நேர வேலை. மலையேறிப் போய் அவர்களைக் கேட்கத்தான் நமக்கு மனசில்லை.