கல்வெட்டில் இல்லாத பெயர்கள்

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு)

சேலத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் உண்டு. கோட்டைப் பெருமாள் கோயில் உண்டு. கூட்டங்கள் நடக்கும் கோட்டை மைதானமும் உண்டு. ஆனால் கோட்டை எங்கே? மதில் இல்லை, அகழி இல்லை. கல் போய்விட்டது, சொல் நிற்கிறது. ஆட்டோக்காரரிடம் “கோட்டைக்குப் போகணுங்க” என்றால் மறுகேள்வி இல்லாமல் வண்டியை எடுக்கிறார். மன்னர்கள் எழுப்பிய மதிலைவிட மக்களின் நாக்கு வலியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆனால் நண்பர்களே, நாக்கு பெயரைக் காப்பாற்றிய அளவுக்குக் கதையைக் காப்பாற்றவில்லை. அந்தக் கோட்டையில் காவல் நின்றவர் யார், கல் சுமந்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நம் ஊர்ச் சின்னங்கள் ஒவ்வொன்றிலும் இந்தப் பாதிக் கதைதான் எஞ்சியிருக்கிறது. மறுபாதி நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது. அதை எழுதி வைக்க வேண்டியவர்கள் நாமே என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

நாமக்கல் மலையைப் பாருங்கள். ஒரே பாறை, உச்சியில் கோட்டை, இருபுறமும் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் குடைவரைகள். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர் அறிஞர். அங்குள்ள கல்வெட்டு, குடைவித்த அதியர் குலத்துக் குணசீலனின் பெயரைச் சொல்கிறது. உளி பிடித்த கைகளின் பெயரைச் சொல்லவில்லை. மன்னர் காலத்து வழக்கம் அது என்று தள்ளிவிடலாமா? என் தந்தையார் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தச்சு வேலை செய்கிறார். அவர் கைபட்ட வண்டிகள் காஷ்மீர் வரை ஓடுகின்றன. வண்டியில் முதலாளியின் பெயர் இருக்கிறது, பட்டறையின் பெயர் இருக்கிறது, குலதெய்வத்தின் பெயரும் இருக்கிறது. தச்சரின் பெயர் மட்டும் இல்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழிந்தும் வழக்கம் மாறவில்லை!

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர்.சுந்தரம், லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர், 1935இல் தொடங்கிய படநிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) அவர்கள் தயாரிப்பே. கலைஞர் வசனம் எழுதிய ‘மந்திரிகுமாரி’ (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) எல்லாம் அவர்கள் தந்தவையே. இன்று உள்ளே படப்பிடிப்புத் தளம் இல்லை, குடியிருப்புகள் இருக்கின்றன. முதலாளியின் புகழை நூல்கள் சுமக்கின்றன. நடிகர்களின் புகழைத் திரை சுமக்கிறது. அரண்மனை ‘செட்’ போட்ட தச்சர்கள், திரைச்சீலை தீட்டியவர்கள், விளக்குத் தூக்கியவர்கள் ஆகியோரை யார் சுமப்பது? அவர்களுள் எஞ்சியவர்கள் இன்று முதுமையின் எல்லையில் இருப்பார்கள். அவர்களும் போய்விட்டால் வளைவு வெறும் சிமெண்டுதான்.

படிப்பறியாத குடும்பங்களுக்குச் சின்னங்கள் வேடிக்கைப் பொருள் அல்ல, அவையே நாட்காட்டி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன் பிறந்தநாளைக் குறித்து வைத்தவர் எவருமில்லை. அம்மாயியைக் கேட்டால், “எங்காத்தா மேட்டூரு டேம் கட்டறப்பக் கைக்கொழந்த, உங்கப்பன் இரும்பாலை ஓட ஆரம்பிச்ச வருசத்துப் புள்ள” என்பார். மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. சேலம் இரும்பாலை 1981இல் இயங்கத் தொடங்கியது. இரண்டையும் வைத்துத்தான் எங்கள் குடும்பத்து வயதுகளை நான் கணக்கிட்டேன்.

அதே மேட்டூரில் நீர்மட்டம் வெகுவாக இறங்கும் கோடையில், மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டும். பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளிவரும். பத்திரிகைகளில் படம் வரும். மக்கள் கூட்டம் போய்ப் பார்க்கும். நீர்த்தேக்கத்துக்கு ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் வைத்தார்கள். நீருக்கடியில் போன ஊர்களின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டெல்டாவின் வயல் விளைய, வீட்டையும் கிணற்றையும் கொடுத்தவர்கள் அவர்கள் அல்லவா?

எழுதி வைத்தால் எளியவர் பெயரும் நிற்கும் என்பதற்குச் சேலம் மத்திய சிறையே சாட்சி. 1950 பிப்ரவரி 11 அன்று அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் மாண்டனர். அவர்கள் மன்னர்கள் அல்லர். ஆயினும் ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்கள் நினைக்கப்படுகிறார்கள். காரணம், அவர்களுடைய தோழர்கள் மறக்காமல் சொன்னார்கள், சொன்னதை எழுதினார்கள்.

“முதியவர்களின் நினைவு தடுமாறும், கதையும் கலக்கும், அது வரலாறு ஆகுமா?” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நாமக்கல் கோட்டையை ஊரார் திப்பு கோட்டை என்பார்கள். ஏடுகளோ பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் பெயரையும் சொல்கின்றன. ஆனால் ஆய்வுக்கூடத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஒரே அளவீட்டை நம்பிவிடுவதில்லை. மூன்று முறை எடுத்து ஒப்பிடுகிறோம். அளவு சற்று வேறுபட்டது என்பதற்காக ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிவதும் இல்லை. இங்கும் அதே முறைதான். சொன்னவர் வயது என்ன, கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா, என்று கேட்டோம் என்பவற்றைக் குறித்து, இன்னொருவரிடமும் கேட்டு ஒப்பிட்டால் போதும். தவறான நினைவைக்கூடப் பின்னால் திருத்தலாம். எழுதாத நினைவைத் திருத்தவும் வழியில்லை.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும் சக மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு மாணவர், ஒரு முதியவர், ஒரு இடம், இரண்டு பக்கம். குகையில் வண்டி வேடிக்கைக்கு வேடம் கட்டியவர் இருக்கலாம். அம்மாப்பேட்டைத் தறிக்காரர் இருக்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைத்தவர் இருக்கலாம். எழுதியவற்றைக் கட்டி நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரியில் வைப்போம். இதற்கு நிதி வேண்டாம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும்.

நம் முன்னோர் கல் சுமந்தார்கள், நூல் நூற்றார்கள், மரம் இழைத்தார்கள். எழுதுகோல் அவர்களுக்குக் கிட்டவில்லை. நமக்குக் கிட்டியிருக்கிறது. தேர்வுத்தாளில் மட்டும் அதை ஓடவிட்டால் பட்டம் வரும். அவர்கள் பெயரையும் அதே எழுதுகோலால் எழுதினால்தான் அந்தப் பட்டத்துக்கு நாம் உரியவர்கள் ஆவோம்.