டர்போ மோகமும் பொது வீதியும்

மோட்டார் வண்டியின் சக்தி போதவில்லையென்று எண்ணி, எஞ்சினிலுள்ள டர்போசார்ஜரைக் கழற்றிவிட்டு அதனினும் பெரியதொன்றைப் பொருத்திக்கொள்ளும் மோகம் நமது வாலிபர் சிலரைப் பற்றியிருக்கிறது. இவ்விருப்பத்தை நாம் குற்றமாகக் கருதவில்லை. யந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் இல்லாத தேசம், யந்திரங்களைப் படைக்கும் தேசமாக ஒருநாளும் ஆகாது. ஆயினும் ஆவல் வேறு, அஜாக்கிரதை வேறு. முன்னதை ஆதரிப்பதற்காகவே பின்னதைக் கண்டிக்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இக்கருவியின் தத்துவம் எளிது. ஸ்விட்ஜர்லாந்து தேசத்து எஞ்சினீயர் ஆல்பிரட் பூக்கி 1905-ம் வருஷத்தில் இதற்குக் காப்புரிமை கோரினார். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று அதிகமானால் எண்ணெயும் அதிகமாக எரியலாம், சக்தியும் பெருகும். ஆனால் அவ்வச்சு நிமிஷத்திற்கு லக்ஷம் சுற்றுக்களுக்கு மேல் சுழல்வது. பெட்ரோல் எஞ்சினில் அதன் ஒருபுறத்தே பாயும் புகையின் உஷ்ணம் 900 டிகிரி சென்டிகிரேடையும் எட்டக்கூடும். இத்தனைக்கும் அதைத் தாங்கி நிற்பது மெல்லியதோர் எண்ணெய்ப் படலமே.

காற்றை அமுக்கினால் அது சூடேறும். சூடேறிய காற்றில் பெட்ரோல், பொறி படுமுன்னரே தானாக வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். ஆகையால் பெரிய டர்போ தனியே வரலாகாது. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், போதிய எண்ணெய் தரும் பம்பும் இன்ஜெக்டர்களும், இவற்றையெல்லாம் ஆளும் கணினிக்குப் புதிய கணக்கு ஆகிய பரிவாரத்தோடுதான் அது வரவேண்டும். பரிவாரத்தை விட்டு ராஜாவை மட்டும் அழைப்பவர்கள், சில நாட்களில் உடைந்த எஞ்சினைக் கண்டு வருந்துவதில் ஆச்சரியமில்லை.

பெரிய கம்பெனிகளே இவ்விஷயத்தில் பாடம் கற்றிருக்கின்றன. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி 1962-ல் ஜெட்ஃபயர் என்னும் டர்போ வண்டியை வெளியிட்டது. 215 கன அங்குல எஞ்சினில் 215 குதிரைச் சக்தி எடுத்தது அதன் பெருமை. அகால வெடிப்பைத் தடுக்க, வாலை வடித்த நீரும் மெதனாலும் கலந்த திரவம் ஒன்றை எஞ்சினுக்குள் தெளிக்கும் ஏற்பாடும் இருந்தது. அத்தொட்டி காலியானால் சக்தி தானே குறையுமாறும் அமைத்திருந்தனர். இருந்தும் பயனென்ன? வாங்கியவர்களில் பலர் தொட்டியை நிரப்ப மறந்தனர். வண்டி ஓடவில்லையென்று குறைகூறினர். 1963-க்குப் பின் அவ்வண்டி நிறுத்தப்பட்டது. பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்தினார்கள். இதனால் ஏற்படுவது யாது? சக்தியை விலைக்கு வாங்கலாம். கவனத்தை வாங்க முடியாது. கவனமில்லாதவன் கையில் நல்ல சாதனமும் நிலைக்காது.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் எஞ்சினின் அமுக்கத்தைச் சோதித்து, அது திடமாயிருக்கிறதா என்று அறிவது முதற்கடமை. தேய்ந்த எஞ்சினில் பெரிய டர்போ வைப்பது, நோயாளியின் தலையில் மூட்டை ஏற்றுவதை ஒக்கும். எண்ணெய்க் குழாய்கள் சுத்தமாயிருக்க வேண்டும். முதன்முறை எஞ்சினைக் கிளப்புமுன் டர்போவுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். குழாய் கசிந்து, பழுக்கக் காய்ந்த டர்போக் கூட்டின்மீது எண்ணெய் சொட்டினால் வண்டி தீப்பற்றும். டீசல் வண்டியில் வேறோர் அபாயமுமுண்டு. டர்போவின் எண்ணெய் அடைப்பு பழுதானால், எஞ்சின் தன் சொந்த எண்ணெயையே குடித்து வெறிகொண்டு சுழலும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வரும் வழியை அடைத்தாலன்றி அது அடங்குவதரிது. அமுக்கம் குறித்த அளவை மீறினால் எண்ணெயை நிறுத்திவிடும் காவலைக் கணினியில் வைப்பதும், வீதியிலல்லாமல் உருளைமேடையில் வண்டியை ஓட்டிச் சோதிப்பதும் அவசியம்.

இவையெல்லாம் வண்டிக்காரரின் பணத்தைப் பற்றியவை. பிறருடைய உயிரைப் பற்றியது பிரேக். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்துவதைவிட, 140 கிலோமீட்டரில் செல்வதை நிறுத்த ஏறக்குறைய இருமடங்கு வேலையாகிறது. எஞ்சினை மாற்றி, பிரேக்கையும் டயரையும் கிளட்சையும் பழையபடி விடுவது அறிவீனம் மட்டுமன்று, அநீதியுமாகும். 1986-ல் ஐரோப்பிய ராலிப் பந்தயங்களில் உலகம் இதைக் கண்டது. ஒரு டன்னுக்கும் குறைந்த எடையில் 400 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடின. போர்ச்சுகலில் பார்வையாளர்கள் மாண்டனர். மே மாதம் கார்ஸிகாவில் ஹென்றி டொய்வோனனும் துணைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் உயிரிழந்தனர். அவ்வகை வண்டிகளையே 1987 முதல் தடைசெய்தார்கள். உலகத்தின் தேர்ந்த சாரதிகளுக்கே அடங்காத சக்தி, பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் வீதியில் அடங்குமோ?

சட்டத்தின் நிலையையும் நேயர்கள் அறிதல் வேண்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாதென்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதனை உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றத்தை மறைத்தவருக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கவும் இடமுண்டு.

சட்டத்தின் நோக்கத்தை நாம் ஏற்கிறோம். ஆனால் தடை மட்டும் போதுமா? ஜெர்மனியில் வண்டியை மாற்றியமைப்பவர் அதைத் தொழில்நுட்பப் பரீக்ஷகரிடம் காட்டி, பிரேக்கும் புகையும் சோதிக்கப்பெற்று, பத்திரத்தில் பதிந்துகொள்ளலாம். நம் நாட்டில் யோக்கியமாக வேலை செய்பவருக்கும் அத்தகைய எளிய வழி திறக்கப்படவில்லை. ஆகையால் நல்லவனும் கெட்டவனும் ஒருங்கே மறைவில் வேலை செய்கிறார்கள். மறைவில் நடப்பதைப் பரீக்ஷிப்பார் யார்? சர்க்கார் இத்தகைய பரீக்ஷைக்கு ஏற்பாடு செய்யவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

அதுவரையில் வேகத்தை விரும்பும் வாலிபர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைக்கருகே செட்டிபாளையத்திலும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. உங்கள் திறமையையும் யந்திரத்தையும் அங்கே சோதியுங்கள். வீதி உங்களுடையது மட்டுமன்று. நடந்து செல்லும் ஏழைக்கும் அதில் சமமான பாத்தியதை உண்டு.