வேகம் தெரியும், தரையிறங்கத் தெரியுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்பதுதான். விமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இதே கதைதான். "எத்தனை மாக்?" என்பார்கள். ஒலியின் வேகம் ஒரு மாக். 11 கிலோமீட்டர் உயரத்தில் இது மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். மாக் 2 என்றால் அதைப் போல் இரண்டு மடங்கு.

இந்த ஒரு எண்ணை வைத்து விமானத்தை எடைபோடக் கூடாது என்பது என் கருத்து. அதிவேக விமானத்தை வடிவமைத்தவரின் திறமை, அது மெதுவாகப் பறக்கும்போதுதான் தெரியும்.

ஏன் என்கிறீர்களா? காற்றின் அடர்த்தி மாறாமல் இருந்தால், வேகம் இரண்டு மடங்காகும்போது இறக்கையின் தூக்கும் விசை நான்கு மடங்காகிறது. எனவே வேகமாகப் பறக்கச் சின்ன இறக்கையே போதும். பெரிய, தடித்த இறக்கை காற்றில் இழுபடும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று விலகி வழிவிட நேரம் இருப்பதில்லை. அது நெருக்கப்பட்டு அதிர்வலையாகிறது. இதைச் சமாளிக்க இறக்கையை மெல்லியதாக்கலாம் அல்லது பின்னோக்கிச் சாய்க்கலாம். சாய்க்கும் யோசனையை ஜெர்மானிய விஞ்ஞானி அடால்ப் பூசெமான் 1935-லேயே ரோம் மாநாட்டில் சொல்லிவிட்டார். 1947 அக்டோபர் 14 அன்று ஒலியின் வேகத்தைத் தாண்டிய எக்ஸ்-1 விமானத்துக்கு இருந்ததோ மெல்லிய, நேரான இறக்கை.

ஆனால் பறந்த விமானம் இறங்கியாக வேண்டுமே! வேகத்தைக் குறைத்தால் அந்தச் சின்ன இறக்கை விமானத்தைத் தாங்காது. அமெரிக்காவின் எப்-104 போர் விமானத்தின் இறக்கை மிக மெல்லியது. தரையில் வேலை செய்பவர்களைக் கிழித்துவிடாமல் இருக்க அதன் விளிம்புக்கு உறை போட்டார்கள். இறங்கும்போது போதிய தூக்கும் விசை கிடைக்க, இன்ஜினிலிருந்து காற்றை எடுத்து இறக்கையின் பின்பக்க மடிப்புகள் மேல் ஊத வேண்டியிருந்தது.

ஒரே இறக்கை, இரண்டு வேலை

1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச் சென்ற கான்கார்டு இதற்கு வேறு வழி கண்டது. அதன் முக்கோண இறக்கை மாக் 2 வேகத்துக்குப் பொருத்தமானது. இறங்கும்போது மூக்கை நன்றாகத் தூக்கிக்கொண்டால், இறக்கையின் மேல் காற்று சுழல்களாகப் புரண்டு விமானத்தைத் தாங்கும். ஆனால் மூக்கு மேலே போனதும் பைலட்டுக்கு ஓடுபாதை தெரியவில்லை. எனவே கீழே மடங்கும் மூக்கை வைத்தார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது தூக்கும் விசையின் மையம் பின்னால் நகர்ந்தது. அதைச் சரிக்கட்ட எரிபொருளை வால்பக்க டேங்குக்கு பம்ப் செய்தார்கள். "மாக் 2" என்ற எண்ணுக்குப் பின்னால் எத்தனை ஏற்பாடுகள் பாருங்கள்!

இறக்கையை நகர்த்திய சிப்

1970-ல் முதன்முதலாகப் பறந்த எப்-14 போர் விமானம் இறக்கையையே நகர்த்தியது. மெதுவாகப் பறக்கும்போது சாய்வு 20 டிகிரி, வேகத்தில் 68 டிகிரி. எப்போது எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டது ஒரு கம்ப்யூட்டர். அதற்கென்று உருவான 20 பிட் சிப்கள், 1971-ல் விற்பனைக்கு வந்த இன்டெல் 4004-க்கும் முந்தியவை. ராணுவ ரகசியம் என்பதால் 1998 வரை வெளியுலகுக்குத் தெரியவில்லை. சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு, விமானத்தின் உச்ச வேகத்தை விட இந்தச் சிப்தான் பெரிய சாதனையாகத் தெரிகிறது. இதற்கும் விலை உண்டு. இறக்கையை நகர்த்தும் இயந்திரங்களால் விமானத்தின் எடையும் பராமரிப்பு வேலையும் கூடின.

இப்போது மீண்டும் அதிவேகக் காற்று வீசுகிறது. 2025 ஜனவரியில் எக்ஸ்பி-1 என்ற தனியார் சோதனை விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் நாசாவின் எக்ஸ்-59 முதன்முறையாகப் பறந்தது. தரையில் இடிபோல் கேட்கும் ஓசையை மெல்லிய தட்டலாகக் குறைப்பதே இதன் நோக்கம். அதற்காக மூக்கை மிக நீளமாக்கியதால் பைலட்டுக்கு முன்பக்கக் கண்ணாடியே இல்லை. கேமரா எடுக்கும் காட்சியை மானிட்டரில் பார்த்துத்தான் ஓட்டுகிறார். அன்று மூக்கை மடக்கிச் செய்த வேலையை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது.

நாளை அதிவேகப் பயணிகள் விமானம் என்று விளம்பரம் வந்தால், மாக் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். எப்படி இறங்கும், எவ்வளவு எரிபொருள் குடிக்கும், கீழே இருப்பவர்கள் காதுக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். ஓசையால்தான் கான்கார்டின் அதிவேகம் கடலுக்கு மேல் மட்டும் என்று சுருங்கிப் போனது.

நான் சொல்வதை நீங்களே சோதிக்கலாம். ப்ளைட்கியர் என்ற இலவச சாப்ட்வேரை இன்டர்நெட்டிலிருந்து டவுன்லோட் செய்யுங்கள். அதில் உள்ள செஸ்னா 172 விமானத்தைச் சுமார் 65 நாட் வேகத்தில் இறக்கிப் பாருங்கள். பிறகு கான்கார்டையும் டவுன்லோட் செய்து சுமார் 160 நாட் வேகத்தில் இறக்க முயலுங்கள். இறக்கையின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்று உங்கள் கைக்கே தெரியும்.