கச்சேரிக்கு ஓர் அலைவரிசை

1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஒதுக்கினார். அதே ஆண்டு ஜூலையில் அங்கே தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கியது. சினிமாப் பாட்டுக்காகத் தமிழகம் இலங்கை வானொலிக்குக் காது கொடுத்தது. கச்சேரிக்காகத் திருகோணமலையின் நம் கரையோரத்தவர்கள் திருச்சியைத் தேடிப் பிடித்தார்கள். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 370 கிலோமீட்டர். உப்புநீரின் மேல் மத்திய அலை எளிதில் தேயாது. இருட்டிய பின் வானின் மேலடுக்கும் அதைத் திருப்பி அனுப்பும்.

வானொலிக் கச்சேரியை மேடைக் கச்சேரியின் நகலாக நினைப்பது தவறு. கலையகத்தில் கைதட்டல் கிடையாது, மணிக்கூடு உண்டு. அரை மணிக்குள் வர்ணம், ஆலாபனை, கீர்த்தனை, தனியாவர்த்தனம் எல்லாம் அடங்கவேண்டும். அதனால் இராகத்தின் உயிர்ப் பிடிப்பு முதல் சில நொடிகளிலேயே வந்தாகவேண்டும். கேட்பவருக்கோ பாடகரின் முகமும் கையசைவும் தெரியாது, காது ஒன்றுதான் துணை. சஹானாவா, துவிஜாவந்தியா என்று வீட்டில் வாதாடி முடிப்பதற்குள் அறிவிப்பாளர் இராகத்தைச் சொல்லிவிடுவார். என் கணிப்பில் சபாக்களைவிடப் பெரிய இரசிகப் பள்ளிக்கூடம் இதுதான். இணையத்தில் இராகத்தின் பெயர் தலைப்பிலேயே வந்து நிற்பதால் அந்தப் பயிற்சி போய்விடுகிறது.

யுத்த காலத்தில் இரவுக் கச்சேரிகள் ஓய்ந்தபோதும் வானொலி ஓயவில்லை. 1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்டார்கள்.

இத்தனைக்கும் தொலைதூரம் ஒலிபரப்பும் நிலையம் திருகோணமலையிலேயே இருக்கிறது. நகருக்கு வடக்கே, கடலோரமாக, ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே 1980களில் அமைத்தது அது. 400 கிலோவாட் மத்திய அலைக் கருவியும் சிற்றலைக் கருவிகளும் அங்கே நிறுவப்பட்டன. 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் நிகழ்ச்சிகள் அங்கிருந்து ஆசியாவெங்கும் போயிருக்கின்றன. கோணேசர் கோயில் மகோற்சவத்தின் நாதஸ்வரமும் தவிலும் அந்த ஒலிபரப்புக் கோபுரம் ஏறினால் என்ன?

பாடுவதற்கு ஆளில்லை என்று சொல்லமுடியாது. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளும், மட்டக்களப்பு விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் பயிற்சிபெற்ற குரல்களை ஆண்டுதோறும் உருவாக்குகின்றன. பட்டம் பெற்றவர்களில் பலர் பாடசாலை ஆசிரியர்களாகிறார்கள். அதன்பின் மேடை அரிதாகிவிடுகிறது. வயதான ஒரு சங்கீத ஆசிரியை என்னிடம் கேட்டார்: “தம்பி, படிப்பிச்ச பிள்ளையள் எங்க பாடுறது?”

கூட்டுத்தாபனத்திடம் கேட்பது வாரத்தில் ஒரு மணி நேரம். கிழக்கின் கலைஞர்களைத் திருகோணமலையிலேயே ஒலிப்பதிவு செய்யவேண்டும். தேர்வு, தரப்படுத்தல் எல்லாம் இங்கேயே நடக்கவேண்டும். சன்மானம் பாடகரோடு நின்றுவிடாமல் மிருதங்கக்காரருக்கும் வயலின்காரருக்கும் உரிய காலத்தில் போய்ச் சேரவேண்டும். இரவு எட்டு மணிக்குப் பிறகு வைத்தால் நாகப்பட்டினத்திலும் கேட்க வாய்ப்புண்டு.