சீட்டை நம்பலாமா?

பழைய எலக்ட்ரிக் கிதார் பிக்கப் ஒன்று கைக்கு வந்ததும் நாம் முதலில் செய்வது, அதைத் திருப்பி அடித்தகட்டில் ஒட்டியுள்ள சீட்டை வாசிப்பதுதான். அந்த வாசிப்பையே தீர்ப்பாக்கிவிடுகிறோம் என்பதே நமது வருத்தம்.

கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் உருவாக்கிய இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 1955இல் காப்புரிமை கோரப்பட்டது, 1959இல் கிடைத்தது. ஆயினும் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற கறுப்புச் சீட்டு 1957 முதல் 1962 வாக்கில் வரை ஒட்டப்பட்டது. அடுத்து வந்த சீட்டில் 2,737,842 என்ற எண் இருந்தது. அதுவும் பிக்கப்பின் எண் அன்று. தந்திகளைத் தாங்கும் உலோக அமைப்புக்காக லெஸ் பால் பெற்ற காப்புரிமையின் எண்!

செய்தவர்களே இப்படி எழுதிய சீட்டை வேதவாக்காகக் கொள்ளலாமா? போலிச் சீட்டு அச்சிடுவதும் இன்று எளிது. மின்தடையை அளக்கலாமே என்பீர்கள். அன்று சுற்றுகளின் எண்ணிக்கை சீராக இல்லாததால், ஒரே ஆண்டின் பிக்கப்புகளே வெவ்வேறு அளவு காட்டும். கம்பிப் பூச்சின் நிறம் இன்னும் நம்பகமான சாட்சி. ஆனால் அதைக் காண மூடியின் பற்றவைப்பை உருக்க வேண்டும். கலையாத அந்தப் பழைய ஈயமும் ஒரு சாட்சியல்லவா? ஒரு சாட்சியை விசாரிக்க மற்றொன்றை அழிப்பது முறையன்று.

ஏட்டுச்சுவடியின் காலம் கணிப்போர் ஓர் ஆண்டைச் சொல்லாமல் ஒரு காலப்பகுதியைச் சொல்வார்கள். அந்த அடக்கம் இங்கும் வேண்டும். '1957க்கும் 1962க்கும் இடையில்' என்று நிறுத்திக்கொள்வது அறியாமை அன்று, நேர்மை.